ஆட்டச் சாவி மறுவிற்பனை

ஆட்டச் சாவி மறுவிற்பனை என்பது, கணினி நிகழ்பட ஆட்டங்களைச் செயற்படுத்தப் பயன்படும் எண்ணெழுத்துக் குறியீடுகளை, அவ்வாட்டங்களை உருவாக்கியவருடனோ வெளியிட்டவருடனோ நேரடி ஒப்பந்தம் இல்லாத மூன்றாம் தரப்பினர் இணையம் வழியாக விற்பதைக் குறிக்கும். இக்குறியீடு சாவி என்றும், பேச்சு வழக்கில் கீ என்றும் அழைக்கப்படுகிறது. இத்தகைய சந்தைகளில் ஓர் ஆட்டம் அதன் அதிகாரபூர்வ விலையில் பாதிக்கும், சில வேளைகளில் அதனினும் குறைவாகவும் கிடைப்பதுண்டு. இவ்வணிகம் சட்டத்தால் முழுவதும் தடை செய்யப்பட்டதன்று. எனினும் உருவாக்கியவரின் ஒப்புதலைப் பெற்றதும் அன்று. நேர்மையான சந்தைக்கும் கறுப்புச் சந்தைக்கும் இடைப்பட்டது என்ற பொருளில் இது சாம்பல் சந்தை என்ற வகையுள் அடக்கப்படுகிறது.

மறுவிற்பனைக்கு வரும் சாவிகள் அனைத்தும் திருடப்பட்டவை அல்ல. ஆனால் ஒரு சாவி நேர்மையாக வாங்கப்பட்டதா, திருடிய கடனட்டையால் வாங்கப்பட்டதா என்பதற்கான அடையாளம் எதுவும் அந்தச் சாவியில் இருப்பதில்லை. இவ்வணிகம் பற்றிய அறக் கேள்விகளும் இடர்களும் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்தே தோன்றுகின்றன.

சாவி இயங்கும் முறை

இணைய ஆட்டக் கடைகளுள் மிகப் பெரியதான ஸ்டீமில் ஒருவர் நேரடியாக ஓர் ஆட்டத்தை வாங்கினால், அது அவருடைய பயனர் கணக்கில் உடனே சேர்க்கப்படும். இங்கு சாவி எதுவும் அவர் கண்ணில் படுவதில்லை. அதே ஆட்டத்தை வேறொரு கடையில் வாங்கினால், அக்கடை அவருக்கு ஒரு சாவியை அனுப்பும். ஸ்டீம் சாவி பொதுவாக ஐந்து ஐந்து எழுத்துகளாக மூன்று தொகுதிகளைக் கொண்டிருக்கும். அதனைப் பயனர் தம் ஸ்டீம் கணக்கில் உள்ளிட்டதும் ஆட்டம் அக்கணக்குடன் பிணைக்கப்படும். ஒரு முறை பயன்படுத்திய சாவியை மறுமுறை பயன்படுத்த இயலாது.

இச்சாவிகளை ஆட்டத்தை உருவாக்கியவர்கள் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்திடமிருந்து கட்டணமின்றிப் பெறலாம். ஸ்டீம் கடையில் நடக்கும் விற்பனையில் வழக்கமாக 30 விழுக்காடு வால்வ் நிறுவனத்திற்குச் செல்லும். வெளியே விற்கப்படும் சாவிகளில் அந்நிறுவனம் பங்கு எடுப்பதில்லை. எனவே உருவாக்குநர்கள் தங்கள் இணையத்தளத்திலேயே சாவிகளை விற்பதும், பிற கடைகளுக்கு வழங்குவதும், விமர்சகர்களுக்கு இலவசமாக அனுப்புவதும் வழக்கமாயின.

சாவி என்பது பயன்பாட்டில் பெயர் எழுதப்படாத நுழைவுச் சீட்டை ஒத்தது. கையில் வைத்திருப்பவர் எவரோ அவரே உரிமையாளர். இதனாலேயே அதனை எளிதாகப் பரிசளிக்கலாம்; எளிதாக மறுவிற்பனை செய்யலாம்; எளிதாகத் திருடவும் செய்யலாம். அதே வேளையில், எந்தச் சாவி எந்தக் கடைக்கு வழங்கப்பட்டது என்ற பதிவை உருவாக்குநர் வைத்திருந்தால், குறிப்பிட்ட சாவிகளை அவர் பின்னாளில் செயலிழக்கச் செய்ய இயலும். அப்போது அந்த ஆட்டம் பயனரின் கணக்கிலிருந்து நீக்கப்படும்.

வரலாறு

ஆட்டங்கள் குறுந்தகடுகளில் விற்கப்பட்ட காலத்தில், சாவி என்பது தகட்டின் உறையில் அச்சிடப்பட்ட ஓர் எண்ணாக இருந்தது. தகட்டைப் படியெடுத்துப் பலர் பயன்படுத்துவதைத் தடுப்பதே அதன் நோக்கம். 2003 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் ஸ்டீமை வெளியிட்டது. 2004 நவம்பரில் வெளிவந்த ஹாஃப் லைஃப் 2 என்னும் ஆட்டத்தைக் கடையில் தகடாக வாங்கியவர்களும் ஸ்டீம் கணக்கில் பதிவு செய்தே ஆட வேண்டியிருந்தது. இதன் பின்னர் தகட்டின் மதிப்பு குறைந்து, சாவியின் மதிப்பு உயர்ந்தது. ஒருவர் தம் சாவியைக் கணக்கில் பதிந்த பிறகு தகட்டை இன்னொருவருக்கு விற்றுப் பயனில்லை. பழைய பொருள் சந்தை இவ்வாறு மறைந்து, பயன்படுத்தப்படாத சாவிகளின் சந்தை உருவானது.

2010இல் போலந்தில் தோன்றிய ஜி2ஏ இச்சந்தையில் மிகவும் அறியப்பட்ட நிறுவனமாக வளர்ந்தது. கிங்குயின் என்பது இத்துறையில் அறியப்பட்ட மற்றொரு சந்தையாகும். அதே 2010இல், பல ஆட்டங்களை ஒரு தொகுப்பாக, வாங்குபவர் விரும்பிய விலைக்கு வழங்கிய ஹம்பிள் தொகுப்புகளும் தொடங்கின. இத்தொகுப்புகளில் கிடைத்த சாவிகளுள் தமக்கு வேண்டாதவற்றைப் பலர் மறுவிற்பனைச் சந்தைக்குக் கொண்டு சென்றனர்.

சந்தையின் அமைப்பு

மறுவிற்பனை இணையத்தளங்கள் இரு வகைப்படும். முதல் வகையினர் சாவிகளைத் தாமே மொத்தமாக வாங்கித் தாமே விற்பவர்கள். இரண்டாம் வகையினர் விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் சந்தைகளாக மட்டும் இயங்குபவர்கள். ஜி2ஏ, கிங்குயின் ஆகியவை இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இவை விற்பனையில் தரகுக் கட்டணம் பெறுகின்றன. சாவியின் உரிமையாளராகத் தம்மைக் கருதுவதில்லை. சாவி எங்கிருந்து வந்தது என்ற பொறுப்பு விற்பவரையே சாரும் என்பது இவற்றின் நிலைப்பாடாகும். எளிதில் விற்பனையாளராக இணைய முடிந்த காலத்தில், பெயர் தெரியாத ஒருவர் இன்று கணக்கு தொடங்கிச் சாவிகளை விற்று நாளை மறைந்துவிடுவது கடினமாக இருக்கவில்லை.

மலிவு விலைக்கான காரணங்கள்

ஒரே ஆட்டத்தின் சாவி ஓரிடத்தில் பாதி விலைக்குக் கிடைப்பதற்குப் பல மூலங்கள் உள்ளன. அவற்றுள் சில முற்றிலும் நேர்மையானவை, சில ஒப்பந்த மீறல்கள், சில குற்றங்கள்.

1. தள்ளுபடிக் காலத்தில் வாங்கி வைத்தல்: பெரும் தள்ளுபடியின்போது சாவிகளை வாங்கிச் சேமித்து, விலை உயர்ந்தபின் விற்பது. இதில் உருவாக்குநருக்கு உரிய தொகை முன்னரே கிடைத்துவிடுகிறது.

2. தொகுப்புகளைப் பிரித்தல்: பத்து ஆட்டங்கள் அடங்கிய தொகுப்பை வாங்கிச் சாவிகளைத் தனித்தனியே விற்பது. தொகுப்பு விற்பனையாளர்களின் விதிமுறைகள் பொதுவாக இதனை அனுமதிப்பதில்லை. எனினும் இதிலும் பணம் செலுத்தப்பட்டே இருக்கிறது.

3. வட்டார விலை வேறுபாடு: மக்களின் வாங்கும் திறனைக் கருதி ஒரே ஆட்டத்திற்கு நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்கப்படுகிறது. இந்தியாவில் ஸ்டீம் 2015 நவம்பர் முதல் ரூபாயில் விலை குறித்து வருகிறது. மலிவான நாட்டில் வாங்கிய சாவியை விலை மிகுந்த நாட்டில் விற்பவர் இவ்வேறுபாட்டை இலாபமாக்குகிறார். இதனைத் தடுக்கச் சில சாவிகளுக்கு வட்டாரப் பூட்டு இடப்படுகிறது.

4. விமர்சனச் சாவிகள்: செய்தியாளர் அல்லது நிகழ்பட விமர்சகர் எனப் பொய் கூறி உருவாக்குநர்களிடம் இலவசச் சாவி கேட்டுப் பெற்று விற்பது. புகழ் பெற்ற விமர்சகரின் மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி எழுதுவது இதில் அறியப்பட்ட உத்தியாகும். ஓர் உருவாக்குநர் இலவசமாகக் கொடுத்த பொருள் அவருக்கே போட்டியாகச் சந்தைக்கு வருகிறது.

5. திருடப்பட்ட கடனட்டைகள்: பிறருடைய கடனட்டை விவரங்களைக் கொண்டு சாவிகளை வாங்கி, உடனே மறுவிற்பனை செய்து பணமாக்குவது. இது குற்றம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

வாங்குபவரின் திரையில் இவ்வைந்தும் ஒரே மாதிரியாகவே தோன்றும். விலையைத் தவிர அவர் அறியக் கூடியது எதுவும் இல்லை.

திருட்டு அட்டைச் சுழற்சி

திருடிய அட்டையால் பொருள் வாங்குபவருக்குப் பெரும் தடை, அப்பொருளைப் பெறுவதற்கு ஒரு முகவரி தேவைப்படுவதாகும். சாவிக்கு முகவரி தேவையில்லை; சில நொடிகளில் வந்து சேர்கிறது; சில நிமிடங்களில் விற்றுவிடலாம். அட்டையின் உரிமையாளரோ தம் மாதாந்திரக் கணக்கறிக்கையைக் காணும் வரை திருட்டை அறியாதிருக்கலாம். இந்தக் கால இடைவெளியே மோசடியின் அடிப்படை.

உரிமையாளர் முறையிட்டதும் வங்கி அப்பரிமாற்றத்தை நீக்கிப் பணத்தை அவருக்குத் திருப்பித் தருகிறது. வணிக வழக்கில் இது சார்ஜ்பேக் எனப்படும். திருப்பித் தரப்படும் தொகை சாவியை விற்றவரிடமிருந்து பிடிக்கப்படும். அதற்கு மேல், ஒவ்வொரு முறையீட்டுக்கும் தனியாக ஒரு கட்டணமும் அவரிடமே பெறப்படும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் ஆட்டத்தின் விலை 20 டாலர் எனவும், கட்டண மீட்புக்கான தண்டத் தொகை 20 டாலர் எனவும் கொள்வோம். மோசடி செய்பவர் உருவாக்குநரின் இணையத்தளத்தில் திருடிய அட்டையால் ஒரு சாவியை வாங்கி, மறுவிற்பனைச் சந்தையில் 10 டாலருக்கு விற்கிறார். சில வாரங்களில் வங்கி 20 டாலரைத் திரும்பப் பெறுகிறது. தண்டமாக மேலும் 20 டாலர் பிடிக்கப்படுகிறது. இறுதிக் கணக்கு பின்வருமாறு அமையும்:

- மோசடி செய்தவர்: தரகு போக எஞ்சிய தொகை இலாபம்.
- மறுவிற்பனைச் சந்தை: தரகுத் தொகை இலாபம்.
- வாங்கியவர்: 10 டாலர் செலவு, ஆட்டம் கையில் உள்ளது, ஆனால் பறிக்கப்படலாம்.
- அட்டை உரிமையாளர்: பணம் திரும்பக் கிடைத்தது, அலைச்சல் மிஞ்சியது.
- உருவாக்குநர்: வரவு ஒன்றுமில்லை, 20 டாலர் கைப்பொறுப்பு.

அதாவது, இவ்வாறு ஒரு சாவி போவதை விட ஒன்றும் விற்காமல் இருப்பதே உருவாக்குநருக்கு மேலானது. மேலும், மீட்பு முறையீடுகள் மிகுந்தால் கட்டணச் சேவை நிறுவனம் அவரது வணிகக் கணக்கையே நிறுத்திவிடக் கூடும். பெரு நிறுவனங்கள் மோசடியைக் கண்டறியும் அமைப்புகளை வைத்திருப்பதால் இவ்விழப்பைத் தாங்கிக்கொள்கின்றன. ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும் சிறு குழுக்களே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

நேச்சுரல் செலக்சன் 2 (2013): இவ்வாட்டத்தை உருவாக்கிய அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம், திருடப்பட்ட கடனட்டைகளால் வாங்கப்பட்டிருந்த 1,341 சாவிகளைச் செயலிழக்கச் செய்தது. அவற்றின் கட்டண மீட்புகளால் நிறுவனத்திற்கு ஏறத்தாழ 30,000 டாலர் செலவாயிற்று. ஆட்டத்தை இழந்தவர்களுள் பலர் மறுவிற்பனையாளரிடம் பணம் கொடுத்தே வாங்கியிருந்தனர்.

ஃபார் கிரை 4 (2015): 2015 சனவரியில் யுபிசாஃப்ட் நிறுவனம் ஃபார் கிரை 4 உள்ளிட்ட ஆட்டங்களின் சாவிகள் பலவற்றைச் செயலிழக்கச் செய்தது. அவை வேறொரு பெரு நிறுவனத்தின் இணையக் கடையில் மோசடிக் கடனட்டைகளால் வாங்கப்பட்டு, பின்னர் மறுவிற்பனைச் சந்தைகளுக்கு வந்தவை எனத் தெரியவந்தது. வாங்கியவர்களின் எதிர்ப்பு வலுத்ததால், ஏற்கனவே செயற்படுத்தி ஆடத் தொடங்கியிருந்தோருக்கு நிறுவனம் ஆட்டத்தைத் திருப்பி வழங்கியது.

டைனிபில்ட் (2016): 2016 சூனில், பார்ட்டி ஹார்ட், பஞ்ச் கிளப் முதலிய ஆட்டங்களின் வெளியீட்டாளரான டைனிபில்ட், தன் சாவிகள் ஜி2ஏ சந்தையில் ஏறத்தாழ 2,00,000 டாலருக்கு விற்கப்பட்டுள்ளதாகவும், அவற்றின் சில்லறை விலை 4,50,000 டாலர் என்றும் வெளியிட்டது. தன் சொந்த இணையக் கடை கட்டண மீட்புகளால் முடங்கியதாகவும், அதே நேரத்தில் மலிவுச் சாவிகள் சந்தையில் நிறைந்ததாகவும் அது கூறியது. ஜி2ஏ இழப்பீடு தர மறுத்தது. அச்சாவிகள் டைனிபில்டின் விற்பனைப் பங்காளிகளிடமிருந்தே வந்திருக்கலாம் என்றும், ஐயத்திற்குரிய சாவிகளின் பட்டியலைத் தர வேண்டும் என்றும் அது பதிலளித்தது. எந்தச் சாவி எவ்வழியாகச் சென்றது என்பதை இரு தரப்பினராலும் பொதுவில் நிறுவ முடியாமற்போனது. இதன் பின்னர் உருவாக்குநர்கள் தம் ஆட்டங்களின் மறுவிற்பனையில் 10 விழுக்காடு வரை பங்கு பெறும் திட்டம் ஒன்றை ஜி2ஏ அறிவித்தது.

கியர்பாக்ஸ் (2017): புல்லட்ஸ்டார்ம் ஆட்டத்தின் புதிய பதிப்புக்காக ஜி2ஏயுடன் கூட்டுச் சேர்ந்த கியர்பாக்ஸ் நிறுவனம், டோட்டல்பிஸ்கட் என அறியப்பட்ட விமர்சகர் சான் பெயின் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து சில நிபந்தனைகளை முன்வைத்தது. மோசடிப் பாதுகாப்பைத் தனிக் கட்டணமின்றி அனைவருக்கும் வழங்குதல், மறைமுகக் கட்டணங்களை வெளிப்படுத்துதல், திருட்டுச் சாவிகளை உருவாக்குநர்களே குறித்துக் காட்ட வழி செய்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பின்னர் கியர்பாக்ஸ் அக்கூட்டிலிருந்து விலகியது.

ஃபேக்டோரியோ (2019-2020): செக் குடியரசின் பிராகா நகரில் இயங்கும் வூபே நிறுவனம் ஃபேக்டோரியோ என்னும் ஆட்டத்தை உருவாக்கியது. இவ்வாட்டத்திற்குத் தள்ளுபடி அளிப்பதில்லை என்பது அதன் கொள்கை. ஆகவே அதிகாரபூர்வ விலையை விடக் குறைவாக இவ்வாட்டத்தின் சாவி கிடைத்தால் அது தள்ளுபடிக் காலத்தில் வாங்கியதாக இருக்க இயலாது. 2019இல், தன்னிடம் திருட்டு அட்டைகளால் 300க்கும் மேற்பட்ட சாவிகள் வாங்கப்பட்டதாகவும், அதனால் ஏறத்தாழ 6,600 டாலர் கட்டணமாக இழந்ததாகவும் வூபே தெரிவித்தது. 2016இல் கட்டணச் சேவையை மாற்றிய பின்னரே இம்மோசடி பெரிதும் குறைந்தது.

அவ்வாண்டு சூலையில், திருட்டுச் சாவிகள் தன் சந்தையில் விற்கப்பட்டதாகச் சோதனையில் நிறுவப்பட்டால், கட்டண மீட்பால் உருவாக்குநர் இழந்த தொகையைப் போல் பத்து மடங்கு தருவதாக ஜி2ஏ அறிவித்திருந்தது. வூபே 321 சாவிகளின் பட்டியலை அளித்தது. 2020 மே மாதம் தன் உள்விசாரணையின் முடிவை வெளியிட்ட ஜி2ஏ, அவற்றுள் 198 சாவிகள் 2016 மார்ச் முதல் சூன் வரை தன் சந்தையில் விற்கப்பட்டதை ஒப்புக்கொண்டு, 39,600 டாலர் வழங்கியது. திருட்டுச் சாவி ஒன்று மறுவிற்பனைச் சந்தையில் விற்கப்பட்டதைச் சந்தையே எண்ணிக்கையுடன் ஏற்றுக்கொண்ட அரிய நிகழ்வு இதுவாகும். நான்கு ஆண்டுகள் பதிவுகளைக் காத்து வைத்திருந்ததாலேயே வூபேயால் இதனை நிறுவ முடிந்தது.

சட்ட நிலை

அச்சு நூலை வாங்கியவர் அதனை இன்னொருவருக்கு விற்கலாம். பதிப்பாளரின் இசைவு தேவையில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் இது முதல் விற்பனைக் கோட்பாடு எனப்படும். எண்ணிம ஆட்டங்களுக்கு இக்கோட்பாடு பொருந்துமா என்பது நெடுங்கால வழக்காக இருந்து வந்துள்ளது.

தரவிறக்கிய மென்பொருளின் காலவரையற்ற உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012இல் யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் மின்னூல்களுக்கு இது பொருந்தாது என அதே நீதிமன்றம் 2019இல் கூறியது. பிரான்சில் நுகர்வோர் அமைப்பு ஒன்று வால்வ் மீது தொடுத்த வழக்கில், பயனர்கள் ஸ்டீம் ஆட்டங்களை மறுவிற்பனை செய்யலாம் எனப் பாரிசு நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2024இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டுத் தீர்ப்பை உறுதி செய்தது.

இவ்வழக்கு கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்ட ஆட்டங்களைப் பற்றியது. பயன்படுத்தப்படாத சாவியைக் கைமாற்றுவது வேறு கேள்வியாகும். இதில் சட்டம் எப்போதும் வெளியீட்டாளர் பக்கமே நிற்பதில்லை. போலந்து, அங்கேரி, செக் குடியரசு முதலிய நாடுகளில் விற்ற சாவிகள் பிற ஐரோப்பிய நாடுகளில் இயங்காதவாறு வட்டாரப் பூட்டு இட்டமைக்காக, 2021 சனவரியில் ஐரோப்பிய ஆணையம் வால்வ் நிறுவனத்திற்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் மொத்தம் 78 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. வால்வ் நிறுவனத்தின் மேல்முறையீடு 2023இல் தள்ளுபடி செய்யப்பட்டது. ஒன்றியத்திற்குள் மலிவான நாட்டில் வாங்கி விலை மிகுந்த நாட்டில் பயன்படுத்துவதை இவ்வகைப் பூட்டால் தடுப்பது போட்டிச் சட்டத்திற்கு முரணானது என்பது இதன் பொருள்.

அறக் கேள்விகள்

மறுவிற்பனையை ஆதரிப்போர் பின்வருவனவற்றை முன்வைக்கின்றனர். பணம் கொடுத்து வாங்கிய பொருளை விற்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. புதிய ஆட்டங்களின் விலை மாணவர்களுக்கும் வருமானம் குறைந்தோருக்கும் எட்டாததாக உள்ளது. ஒரே பொருளுக்கு நாட்டுக்கு நாடு வேறு விலை வைத்துவிட்டு, வாங்குபவர் மட்டும் மலிவான இடத்தைத் தேடக் கூடாது என்பது நியாயமன்று.

எதிர்ப்போர், மறுவிற்பனை உரிமை பற்றிய வாதம் நேர்மையாக வாங்கிய சாவிக்கு மட்டுமே பொருந்தும் என்றும், சந்தையில் அது எது என வாங்குபவரால் அறிய முடியாது என்றும் சுட்டுகின்றனர். வட்டார விலை குறித்த வாதத்திற்கும் மறுபக்கம் உண்டு. மலிவு விலை பிற நாட்டினரால் பெருமளவில் பயன்படுத்தப்படும்போது, நிறுவனங்கள் அவ்விலையையே கைவிடக் கூடும். அதன் சுமை அந்நாட்டு மக்கள் மீதே விழும். 2023 நவம்பரில் ஸ்டீம் அர்கெந்தீனாவிலும் துருக்கியிலும் உள்ளூர் நாணயத்தில் விலை குறிப்பதை நிறுத்தி டாலருக்கு மாறியது. அந்நாணயங்களின் நிலையற்ற மதிப்பே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. எனினும் இவ்விரு நாடுகளும் பிற நாட்டுப் பயனர்கள் இருப்பிடத்தை மறைத்து மலிவாக வாங்குவதற்குப் பேர்பெற்றவையாக இருந்தன.

2019இல் வெளியீட்டாளர் மைக் ரோசு, மறுவிற்பனைச் சந்தையில் வாங்குவதை விடத் தம் ஆட்டங்களைத் திருட்டுப் படியாகவே எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினார். உருவாக்குநர் ராமி இசுமாயிலும் இதே கருத்தைத் தெரிவித்தார். முதற்பார்வையில் விந்தையாகத் தோன்றும் இவ்வேண்டுகோளின் கணக்கு மேலே கூறிய எடுத்துக்காட்டில் உள்ளது. திருட்டுப் படியால் உருவாக்குநருக்கு வரவு இல்லை. திருட்டுச் சாவியாலோ வரவும் இல்லை, செலவும் உண்டு. சாவி இயங்கவில்லை என்று எழுதும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பும் உருவாக்குநரையே சேர்கிறது.

இச்சிக்கலின் மிகக் கடினமான பகுதி, திருட்டுச் சாவிகளைக் கண்டறிந்த பின் உருவாக்குநர் என்ன செய்ய வேண்டும் என்பதாகும். சாவிகளைச் செயலிழக்கச் செய்தால், திருடியவருக்கு எந்த இழப்பும் இல்லை. அவர் ஏற்கனவே பணத்தைப் பெற்றுச் சென்றுவிட்டார். தண்டனை பெறுபவர், அறியாமல் வாங்கியவர். அவர் தம் கோபத்தைத் தாம் அறிந்த ஒரே பெயரான உருவாக்குநர் மீதே காட்டுவார். சாவிகளை விட்டுவைத்தால், திருட்டுச் சாவியும் தடையின்றி இயங்கும் என்ற செய்தி பரவி, அடுத்த வாங்குபவருக்குத் தயக்கம் இராது. யுபிசாஃப்ட் சாவிகளைப் பறித்துப் பின் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது இந்த இருதலைச் சிக்கலின் வெளிப்பாடே ஆகும்.

வாங்குபவரின் பொறுப்பு எவ்வளவு என்பதிலும் கருத்து வேறுபாடு உள்ளது. ஒரு சாவி திருடப்பட்டது என அறிந்தே வாங்குவது தவறு என்பதை அனைவரும் ஏற்பர். அறிய வழியே இல்லாத இடத்தில், ஐந்தில் ஒன்று திருட்டாக இருக்கலாம் என்ற ஐயத்துடன் வாங்குவது எத்தகையது என்பதே கேள்வி. தெருவில் பாதி விலைக்குக் கைக்கடிகாரம் விற்பவரிடம் அது எங்கிருந்து வந்தது எனக் கேட்காமல் வாங்குவதுடன் இதனை ஒப்பிடுவர். வேறுபாடு என்னவெனில், தெருவில் விற்பவரின் முகமாவது தெரியும்.

வாங்குபவருக்கான இடர்கள்

- ஏற்கனவே பயன்படுத்தப்பட்ட அல்லது பொய்யான சாவி கிடைத்தல்.
- வட்டாரப் பூட்டால் தம் நாட்டில் சாவி இயங்காமை.
- பல மாதங்கள் கழித்தும் ஆட்டம் கணக்கிலிருந்து நீக்கப்படல்.
- பணம் திரும்பப் பெறும் வாய்ப்பின்மை. ஸ்டீமில் நேரடியாக வாங்கிய ஆட்டத்தை 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தரலாம். வெளியே வாங்கிய சாவிக்கு ஸ்டீம் பணம் தருவதில்லை.
- விளம்பரப்படுத்திய விலைக்கு மேல், பணம் செலுத்தும் கட்டத்தில் சேரும் கூடுதல் கட்டணங்கள்.
- சாவிக்கு மாறாகப் பயனர் கணக்கையே விற்பவர்களிடம் சிக்குதல். அக்கணக்கை முதல் உரிமையாளர் எந்நேரமும் மீட்டுக்கொள்ளலாம்.

தடுப்பு முயற்சிகள்

2017 மே மாதம் ஸ்டீம், பரிசு ஆட்டங்களைச் சேமித்து வைத்துப் பின்னர் கைமாற்றும் வசதியை நீக்கியது. அவ்வாண்டிலேயே, விற்பனைக்குப் பொருந்தாத அளவில் பெரும் எண்ணிக்கையில் சாவி கேட்போருக்கு மறுக்கப்படலாம் என வால்வ் அறிவித்தது. பரிந்துரையாளர்களுக்குச் சாவியின்றி நேரடியாகக் கணக்கு வழியே ஆட்டத்தை அனுப்பும் வசதியும் ஏற்படுத்தப்பட்டது. 2020 சூலை முதல் ஜி2ஏ, ஆட்டச் சாவிகளை விற்கும் உரிமையைச் சரிபார்க்கப்பட்ட வணிக நிறுவனங்களுக்கு மட்டுப்படுத்தியது.

நம்பகமான விற்பனையாளரை இனங்காணல்

சாவி விற்கும் கடைகள் அனைத்தும் சாம்பல் சந்தையைச் சார்ந்தவை அல்ல. ஹம்பிள், ஃபெனட்டிகல் போன்றவை வெளியீட்டாளர்களுடன் ஒப்பந்தம் செய்து நேரடியாகச் சாவி பெறுபவை. ஆயினும் எல்லை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. 2015இல் தி விட்சர் 3 வெளிவந்தபோது, நன்கறியப்பட்ட கடையான கிரீன் மேன் கேமிங் விற்ற சாவிகள் தம்மிடமிருந்து பெற்றவை அல்ல என அதன் உருவாக்குநரான சிடி புரொசெக்ட் தெரிவித்தது. அவற்றை ஒப்புதல் பெற்ற சில்லறை விற்பனையாளர்களிடமிருந்து பெற்றதாகக் கடை விளக்கியது.

பின்வரும் கேள்விகள் ஒரு கடையை மதிப்பிட உதவும். ஒரே ஆட்டத்திற்குப் பல விற்பனையாளர் பெயர்களும் பல விலைகளும் காட்டப்படுகின்றனவா? ஆம் எனில் அது கடையன்று, சந்தை. ஆட்டத்தின் அதிகாரபூர்வ இணையத்தளம் அக்கடையைக் குறிப்பிடுகிறதா? பாதுகாப்புக்கெனத் தனிக் கட்டணம் கேட்கப்படுகிறதா? வெளிவந்த முதல் வாரத்திலேயே பாதி விலைக்கு விற்கப்படுகிறதா? இவற்றுக்கு விடை காண இயலாதபோது, அவ்வாட்டம் அதிகாரபூர்வத் தள்ளுபடிக்கு வரும் வரை காத்திருப்பது வாங்குபவருக்கும் உருவாக்குநருக்கும் இடரற்ற வழியாகும். பெரும்பாலான கணினி ஆட்டங்கள் வெளிவந்த ஓரிரு ஆண்டுகளில் அதிகாரபூர்வக் கடைகளிலேயே பெருமளவு விலை குறைகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- எண்ணிம உரிமை மேலாண்மை
- கடனட்டை மோசடி
- பதிப்புரிமை
- மென்பொருள் உரிமம்